டேப் கீ யாரைக் கேட்கிறது?

லினக்ஸ் லேபில் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்த எல்லோருக்கும் இது தெரியும். ஃபைல் பெயரில் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்துவிட்டு, கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் டேப் கீயைத் தட்டினால் மிச்ச எழுத்துகள் தாமாகவே வந்து நிற்கும். சில நேரம் பாதிதான் வரும். சில நேரம் 'டொங்' என்று சத்தம் மட்டும் வரும். இது எப்படி என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "நாம முன்னாடி அடிச்சதை அது ஞாபகம் வச்சிருக்கு" என்றார் ஒருவர். "மொபைல் கீபோர்டு மாதிரி அதுவா யூகிக்குது" என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை நண்பர்களே. டேப் கீ யூகிப்பதே கிடையாது. அது போய் விசாரித்துவிட்டு வந்து சொல்கிறது. யாரிடம் விசாரிக்கிறது, எப்படி விசாரிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வார்த்தை. கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். சிஸ்டத்தில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதெல்லாம் பெரும்பாலான லினக்ஸில் இருக்கும் பேஷ் ஷெல்லைப் பற்றியது.

நாம் தட்டும் எழுத்து நேராக ஷெல்லுக்குப் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். சாதாரணமாக அப்படிப் போவதில்லை. கீபோர்டுக்கும் புரோகிராமுக்கும் நடுவில் கெர்னலுக்குள் ஒரு பகுதி உட்கார்ந்திருக்கிறது. அலுவலக ஜன்னலில் இருக்கும் கிளார்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவம் முழுவதும் எழுதி முடித்து நீட்டும்வரை அவர் உள்ளே அனுப்ப மாட்டார். அதேபோல நாம் என்டர் தட்டும்வரை அந்த வரியைக் கெர்னல் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நாம் தவறாக அடித்துப் பின்னால் அழித்தாலும் அந்த அழிப்பு வேலையையும் அதுவே பார்க்கும். உள்ளே இருக்கும் புரோகிராமுக்கு நாம் தடுமாறியது தெரியவே தெரியாது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். கேட் என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். அது நமக்காகக் காத்திருக்கும். இப்போது ஏதாவது நான்கு எழுத்து அடித்து, பேக்ஸ்பேஸ் போட்டு அழியுங்கள். அழிகிறது. கேட் புரோகிராமுக்கு அழிக்கவெல்லாம் தெரியாது, அழித்தது கெர்னல். அடுத்து டேப்பைத் தட்டுங்கள். கர்சர் கொஞ்ச தூரம் தாவி நிற்கும், அவ்வளவுதான். எந்தப் பெயரும் வராது. ஏனென்றால் அங்கே டேப் என்பது மற்ற எழுத்துகளைப் போல ஒரு எழுத்து, ஆஸ்கி அட்டவணையில் 9-ஆம் எண். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஐ தட்டினாலும் அதே 9-தான் போகும். நம்பாதவர்கள் பேஷில் டேப்புக்குப் பதில் கன்ட்ரோல் ஐ தட்டிப் பாருங்கள், பெயர் முழுதாக வரும்.

அப்படியானால் பேஷில் மட்டும் டேப் எப்படி வேலை செய்கிறது? பேஷ் அந்தக் கிளார்க்கை ஓரமாக உட்காரச் சொல்லிவிடுகிறது! பிராம்ப்ட் போடும் நேரத்தில், "இனி வரி முடியும்வரை காத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு பைட்டாக உடனே என்னிடம் கொடு. திரையிலும் நீ எழுதாதே, நானே எழுதிக்கொள்கிறேன்" என்று கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. அதாவது நாம் பிராம்ப்டில் அடிக்கும்போது திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் ஷெல்லே வாங்கித் திருப்பி எழுதுவது. நாம் என்டர் தட்டியதும், கட்டளையை ஓட்டுவதற்கு முன், பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. டெர்மினலின் அமைப்பைக் காட்டும் கட்டளை எஸ்டிடிஒய். அதை மைனஸ் ஏ போட்டு ஓட்டினால் எல்லாம் பழைய ஏற்பாட்டிலேயே இருப்பதாகத்தான் காட்டும். கட்டளை ஓடும்போது பேஷ் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிடுகிறதே! கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் இரண்டு டெர்மினல் திறக்க வேண்டும். முதலாவதில் டிடிஒய் என்று அடித்தால் அந்த டெர்மினலின் ஃபைல் பெயர் வரும். அதை அப்படியே பிராம்ப்டில் விட்டுவிட்டு, இரண்டாவது டெர்மினலிலிருந்து எஸ்டிடிஒய்-க்கு மைனஸ் பெரிய எஃப் போட்டு அந்தப் பெயரைக் கொடுத்து, மைனஸ் ஏ-யும் சேருங்கள். இப்போது ஐகேனான், எக்கோ என்ற இரண்டு சொற்களுக்கும் முன்னால் மைனஸ் குறி நிற்கும். கிளார்க் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

உபுண்டுவில் எஸ்ஹெச் என்று அடித்தால் வருவது டேஷ் என்ற சின்ன ஷெல். அதில் டேப் தட்டினால் வெறும் இடைவெளிதான். இது மெஷின் கோளாறு இல்லை. டேஷ் இந்த வேலையைச் செய்யாமல் கிளார்க்கையே நம்பி இருக்கிறது.

இனி விசாரணைக்கு வருவோம். 9 என்ற பைட் வந்ததும் பேஷுக்குள் இருக்கும் ரீட்லைன் என்ற பகுதி விழித்துக்கொள்கிறது. கர்சருக்கு இடது பக்கம் திரும்பி, இடைவெளி போன்ற பிரிப்புக் குறி வரும்வரை போய், நாம் பாதியில் விட்ட சொல்லைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அந்தச் சொல் வரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கிறது. முதல் சொல் என்றால் அது கட்டளையாகத்தான் இருக்க வேண்டும். எனவே ஷெல்லின் உள்கட்டளைகள், நாம் வைத்த மாற்றுப் பெயர்கள், ஃபங்ஷன்கள், பாத் என்ற வேரியபிளில் இருக்கும் ஃபோல்டர்களில் ஓடக்கூடிய ஃபைல்கள் எல்லாவற்றிலும் தேடுகிறது. டாலர் குறியில் ஆரம்பித்தால் வேரியபிள் பெயர்களில் தேடும். அலைக்குறியில் ஆரம்பித்தால் சிஸ்டத்தில் உள்ள யூசர் பெயர்களில் தேடும். இவை எதுவும் இல்லாத மற்ற இடங்களில் ஃபைல் பெயர்.

ஃபைல் பெயர் என்றால் என்ன செய்யும்? ஃபோல்டரைத் திறக்கும். அதில் உள்ள பெயர்களை ஒன்றுவிடாமல் வாசிக்கும். நாம் அடித்த எழுத்துகளில் தொடங்குகிறவற்றை மட்டும் எடுத்து வைக்கும். ஒவ்வொரு தடவை டேப் தட்டும்போதும் புதிதாகப் போய் வாசிக்கும், பழைய ஞாபகம் எதுவும் இல்லை. ஒரு நொடிக்கு முன் பக்கத்து டெர்மினலில் உருவாக்கிய ஃபைல் கூட இதனால்தான் உடனே அகப்படுகிறது.

எடுத்து வைத்த பெயர் ஒன்றே ஒன்று என்றால் மிச்சத்தை எழுதி முடித்துவிடும். பல இருந்தால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான முன்பகுதி எவ்வளவு நீளமோ அதுவரை எழுதி நின்றுகொள்ளும். லினக்ஸில் தமிழிலும் ஃபைல் பெயர் வைக்கலாம். ஆகவே தமிழிலேயே உதாரணம் பார்ப்போம். ஒரு ஃபோல்டரில் கணக்கு1, கணக்கு2, கணிதம், கருவிகள் என்று நான்கு ஃபைல்கள். எல்எஸ் என்று அடித்து இடைவெளி விட்டு 'கண' என்று அடித்து டேப் தட்டினால் என்ன வரும்? கணக்கு1, கணக்கு2, கணிதம் மூன்றும் தேறும். மூன்றுக்கும் பொதுவான பகுதி 'கண'. அதை நாமே அடித்துவிட்டோம். எனவே சேர்க்க ஒன்றும் இல்லை, மணி மட்டும் அடிக்கும். இன்னொரு தட்டு தட்டினால் மூன்று பெயரையும் வரிசையாகக் கீழே காட்டும். 'கணக' என்று ஆக்கி டேப் தட்டினால் 'கணக்கு' வரை போய் நிற்கும். 1 அல்லது 2 என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

கவனித்தீர்களா? நமக்கு 'ண' வேறு எழுத்து, 'ணி' வேறு எழுத்து. ஷெல்லுக்கு அப்படி இல்லை. யூனிகோட் முறையில் 'ணி' என்பது ண-வும் அதன் பின்னால் இகரக் குறியும், ஆக இரண்டு எழுத்து. அதனால்தான் 'கண' என்று தொடங்கும் பட்டியலில் கணிதமும் சேர்கிறது. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 முறையில் இந்த ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகும். க என்பது 224, 174, 149. ச என்பது 224, 174, 154. முதல் இரண்டு பைட்டும் ஒன்றே! பொதுவான முன்பகுதியை பைட் கணக்கில் பார்த்தால், ஒரு எழுத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் திரையில் எழுதி நிற்க வேண்டி வரும். அந்தக் குழப்பம் வரக்கூடாது என்று ரீட்லைன் பைட்டுகளை எழுத்தாகச் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறது.

ஆனாலும் ஒரு குழப்பம் மிச்சம் இருக்கிறது. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகள் வேறு. ஃபைல் ஒரு விதத்தில் இருந்து நாம் மற்ற விதத்தில் அடித்தால், கண் எதிரே 'கொள்ளளவு' என்று ஃபைல் இருக்கும்போதே டேப் வாயைத் திறக்காது. லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டங்கள் பெயரை வெறும் பைட்டுகளாகத்தான் பார்க்கின்றன.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லேபில் ஃபைல் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான்.

பெயர் ஒன்றே ஒன்று என்று உறுதியானால் பேஷ் மிச்சத்தை எழுதுவதோடு கடைசியில் ஒன்றைச் சேர்க்கும். சாதாரண ஃபைல் என்றால் ஒரு இடைவெளி. ஃபோல்டர் என்றால் சாய்கோடு. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் டேப் கீ சொல்லும் சேதியில் பாதி இதில்தான் இருக்கிறது. அது "இதே பெயர்தான், வேறு இல்லை" என்று போடும் கையெழுத்து. உங்கள் ஃபோல்டரில் 'பாடம்' என்று ஒன்றும் 'பாடம்-பழையது' என்று ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழையதை அழிக்க வேண்டும். ஆர்எம் மைனஸ் ஆர் போட்டு 'பா' என்று அடித்து டேப் தட்டுகிறீர்கள். திரையில் 'பாடம்' என்று வருகிறது. பெயர் முழுதாக இருக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. அவசரத்தில் என்டர் தட்டினால் போவது பழையது இல்லை, இந்த செமஸ்டர் முழுக்க எழுதிய புதியது! கறுப்புத் திரையில் ரீசைக்கிள் பின் எல்லாம் கிடையாது. 'பாடம்' என்பதற்குப் பின்னால் சாய்கோடு வரவில்லை, கர்சர் ம்-ஐ ஒட்டியே நின்றது. இன்னும் முடியவில்லை என்று டேப் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

இடைவெளி உள்ள பெயரிலும் இதே ஆபத்துதான். 'பழைய பாடம்' என்று நடுவில் இடைவெளியுடன் ஒரு ஃபோல்டர். அதை அப்படியே கையால் அடித்தால் ஷெல்லுக்கு அது இரண்டு பெயர். 'பழைய' என்று ஒன்றைத் தேடும், 'பாடம்' என்று ஒன்றைத் தேடும், கிடைத்ததை அழிக்கும். டேப் போட்டு வரவழைத்தால் இடைவெளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோட்டை அதுவே வைத்துத் தரும். அடைப்புக்குறி, மேற்கோள் குறி போன்ற வில்லங்கமான எழுத்துகளுக்கும் அப்படியே.

டேப் ஒன்றும் தராமல் இருப்பதும் ஒரு பதில்தான். "நீ சொன்ன மாதிரி ஒன்று இந்த இடத்தில் இல்லை" என்று அர்த்தம். ஒன்று நாம் வேறு ஃபோல்டரில் நிற்கிறோம், அல்லது எழுத்து பிசகியிருக்கிறது, அல்லது பெரிய எழுத்துக்குச் சின்ன எழுத்து அடித்திருக்கிறோம். லினக்ஸில் பெரிய டி வேறு, சின்ன டி வேறு. பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடம் ரொம்ப உபயோகம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. 'என்விரான்மென்ட்' என்ற சொல்லுக்கு ஸ்பெல்லிங் என்ன என்று லேபில் பக்கத்து சீட்டைப் பார்க்க வேண்டியதும் இல்லை. முதல் மூன்று எழுத்து சரியாக இருந்தால் போதும், மிச்சத்தை டிஸ்க்கில் இருப்பதைப் பார்த்து அதுவே சரியாக எழுதும். "டேப் போட்டுப் பழகினால் சோம்பேறி ஆகிவிடுவாய், முழுதாக அடித்துப் பழகு" என்று சொல்கிற சீனியர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழுதாக அடித்தவனுக்குத் தவறு தெரியவருவது என்டர் தட்டிய பிறகு. டேப் தட்டியவனுக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. ஜிசிசி என்றால் பரவாயில்லை, எர்ரர் வரும், திரும்ப அடிக்கலாம். ஆர்எம்-க்கு அப்படி இல்லையே.

பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தொந்தரவு வேண்டாம் என்பவர்களுக்கு ரீட்லைனில் ஒரு அமைப்பு இருக்கிறது. ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் இன்புட்ஆர்சி என்ற ஃபைலில் கம்ப்ளீஷன்-இக்னோர்-கேஸ் என்பதை ஆன் என்று வைத்தால் போதும்.

இதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்? யூனிக்ஸ்காரர்கள் இல்லை. அமெரிக்காவில் பிபிஎன் என்ற நிறுவனம் பிடிபி-10 கம்ப்யூட்டருக்காக எழுதிய டெனெக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் 1970-களிலேயே இந்த வசதி இருந்தது. அங்கே டேப் இல்லை, எஸ்கேப் கீ. கேள்விக்குறி போட்டால் அடுத்து என்னென்ன வரலாம் என்று பட்டியல் தரும். அதைப் பார்த்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கென் கிரீர் என்பவர் 1975-இல் யூனிக்ஸுக்காக எழுதத் தொடங்கி, 1981-இல் சி ஷெல்லோடு சேர்த்தார். அப்படி வந்ததுதான் டிசிஎஸ்ஹெச். அதன் முதல் எழுத்தான டி, டெனெக்ஸ் என்ற பெயரிலிருந்து வந்தது. நாம் பயன்படுத்தும் பேஷ் 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது, ரீட்லைனும் அவர் தொடங்கியதே. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டிலும் டேப் உண்டு. ஆனால் பொதுப் பகுதியில் நிற்காமல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முழுப் பெயராக மாற்றி மாற்றிக் காட்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை பெயர் பொருந்துகிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

இத்தனையும் ஃபைல் பெயர் பற்றியது. கிட் செக்கவுட் என்று அடித்து டேப் போட்டால் பிராஞ்ச் பெயர்கள் வருகின்றனவே, அவை ஃபைல் இல்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2000-இல் வந்த பேஷ் 2.04-இல், எந்தக் கட்டளைக்கு என்னென்ன சொல் வரலாம் என்பதை நாமே பேஷுக்குச் சொல்லிக்கொடுக்கும் வசதி சேர்ந்தது. இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. டேப் தட்டும் நேரத்தில் நாம் அடித்த கட்டளை இன்னும் ஓடவே இல்லை. அதற்கு எதுவும் தெரியாது. பதில் சொல்வது ஷெல்தான். எனவே நாம் எழுதிய புரோகிராமுக்கு என்னென்ன வேலை தெரியும் என்பதை ஷெல்லிடம் யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

சொல்வது சுலபம். புராஜெக்டுக்காக 'பதிவு' என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறீர்கள், அது சேர், நீக்கு, காட்டு என்ற மூன்று சொற்களை ஏற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ளீட் என்ற உள்கட்டளை, அடுத்து மைனஸ் பெரிய டபிள்யூ, அடுத்து மேற்கோளுக்குள் இந்த மூன்று சொல், கடைசியில் 'பதிவு'. ஒரே வரி. அதன்பின் 'பதிவு' என்று அடித்து இடைவெளி விட்டு 'நீ' போட்டு டேப் தட்டினால் 'நீக்கு' வந்து நிற்கும். வைவாவில் இதைச் செய்து காட்டினால் எக்ஸ்டர்னல் ஒரு நிமிஷமாவது நிமிர்ந்து பார்ப்பார்!

பட்டியல் நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டே இருந்தால் சொற்களுக்குப் பதில் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும். டேப் தட்டியதும் பேஷ் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு, இதுவரை அடித்த சொற்களையும், கர்சர் எத்தனையாவது சொல்லில் இருக்கிறது என்பதையும் கொடுக்கும். ஃபங்ஷன் தன் பதில்களை ஒரு அர்ரேயில் போட்டு வைக்கும். கிட் விஷயத்தில் நடப்பது இதுதான். அந்த ஃபங்ஷன் உள்ளுக்குள் கிட்டையே கூப்பிட்டு பிராஞ்ச் பட்டியலை வாங்கித் தருகிறது. நெட்வொர்க் வழியாக ஃபைல் அனுப்பும் எஸ்சிபி கட்டளையில் டேப் தட்டினால் சில நேரம் திரை உறைந்த மாதிரி நிற்கும். பாஸ்வேர்டு கேட்காத இணைப்பு இருந்தால் அந்தப் பக்கத்து மெஷின் வரைக்கும் போய் ஃபைல் பெயர்களைக் கேட்டுவிட்டு வருவதால் வரும் தாமதம் அது.

டேப் தட்டுவது இங்கே வெறும் வாசிப்பாக இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏதோ ஒன்று ஓடுகிறது. மேக் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸோடு வரும் பேஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு, மேக்ஃபைலில் என்னென்ன டார்கெட் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மேக்கையே 'எதையும் செய்யாதே, சொல்ல மட்டும் செய்' என்ற முறையில் ஓட்டிப் பார்க்கிறது. ஆனால் மேக்ஃபைலுக்குள் ஒரு ஷெல் கட்டளையின் விடையை வேரியபிளில் வைக்கும் வரி இருந்தால், அந்தக் கட்டளை இந்த முறையிலும் ஓடிவிடும். நாம் என்டர் தட்டவே வேண்டாம். எனவே வெளியிலிருந்து பென்டிரைவில் வந்த புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று மேக் என்று அடித்து டேப் தட்டுவதற்கு முன்னால், கேட் போட்டு அந்த மேக்ஃபைலை ஒரு தடவை படித்துவிடுங்கள்.